சீட்டைக் கழட்டாதீங்க பாஸ்!

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து கார்களின் நம்பர் பிளேட்டைப் பார்த்திருக்கீங்களா? '10,000 ஏரிகள்' என்று எழுதியிருக்கும். அது அடக்கமாகச் சொன்ன கணக்கு. பத்து ஏக்கருக்கு மேலே உள்ள ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842 வருகிறது! மினியாபொலிஸுக்கு எம்.எஸ். படிக்கப் போகிற நம்ம பசங்க முதல் குளிர்காலத்தில் பார்ப்பது, அந்த ஏரியெல்லாம் கல்லு மாதிரி உறைந்து கிடப்பதைத்தான். அப்போ படகெல்லாம் எங்கே? வீட்டு கராஜில், தார்ப்பாய்க்கு அடியில்.

அப்படி ஒரு தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். உள்ளே 1950-களின் கடைசியில் செய்த பதினாலு அடி அலுமினியப் படகு. ரிவெட் வரிசை அப்படியே இருக்கிறது. சீட் மட்டும் கந்தல். 'அந்தக் காலத்து ஸ்டைலிலேயே சீட் செஞ்சிட்டா சூப்பரா இருக்குமே' என்று கை பரபரக்கும். சுத்தியலை எடுப்பதற்கு முன்னால், வாங்க, சின்னதா ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்.

முதல் ஸ்டாப் மினியாபொலிஸ். மாவு மில்களால் பணக்கார ஊரானதால் இதற்கு 'மாவு நகரம்' என்று பட்டப்பெயர். அந்தப் பெயரையே வைத்துக்கொண்டு அலங்கார இரும்பு வேலை செய்துவந்த ஒரு கம்பெனிதான், 1946-ல் அலுமாகிராஃப்ட் படகுகளைக் கொண்டுவந்தது. கேட் கம்பி வளைத்தவர்களுக்குப் படகு எப்படி வந்தது என்கிறீர்களா? எல்லாம் யுத்தம் செய்த வேலை. இரண்டாம் உலகப் போரில் அலுமினியம் முழுக்க விமானத்துக்குப் போனது. போர் முடிந்ததும் தகடு இருக்கிறது, ரிவெட் அடிக்கத் தெரிந்த கைகள் இருக்கின்றன, விமானத்துக்குத்தான் ஆர்டர் இல்லை. போர் விமானம் செய்த க்ரம்மன் கம்பெனியே அலுமினிய கனூ செய்து விற்றது. ஒரு பழைய படகின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், விமானத்தின் வயிற்றைத் தடவுகிற மாதிரியே இருக்கும்.

அங்கிருந்து தென்கிழக்கே சுமார் ஒன்றரை மணி நேரம் காரில் போனால் லேக் சிட்டி. மிசிசிப்பி நதி வழியில் அகலமாகி பெப்பின் ஏரியாகப் பரந்து கிடக்கும் இடம். 1922-ல் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயசுப் பையன், பனியில் சறுக்க முடிகிறபோது தண்ணீரில் ஏன் முடியாது என்று இறங்கினான். பீப்பாய்ப் பலகையைக் கட்டிப் பார்த்தான், ஊஹூம். பனிச்சறுக்குக் கட்டையைக் கட்டிப் பார்த்தான், அதுவும் ஊஹூம். கடைசியில் தானே எட்டடி நீளத்துக்குப் பலகை வாங்கி, நுனியைக் கொதிக்கும் தண்ணீரில் வேகவைத்து வளைத்தான். எழுந்து நின்றுவிட்டான்! வாட்டர் ஸ்கீயிங் பிறந்தது இப்படித்தான்.

இதுக்கும் சீட்டுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. போருக்குப் பிந்தைய வருஷங்களில் வாட்டர் ஸ்கீயிங் ஒரு ஜுரமாகவே பரவியது. பின்னால் கயிற்றைப் பிடித்து வருபவர் விழுந்தாரா, மிதக்கிறாரா என்று ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத் தோதானது முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை சீட். ஓட்டுபவர் முன்னால் பார்ப்பார், கூட்டாளி பின்னால் பார்ப்பார். இழுத்து மடக்கினால் படுக்கையாகும். அது இல்லாத படகில் நம்ம பழைய அம்பாசடர் முன் சீட் மாதிரி நீட்டு பெஞ்ச். மேலே ரெக்ஸின், வரிவரியான தையல், ஓரத்தில் வெள்ளை பைப்பிங். சிவப்பும் வெள்ளையும், இல்லையென்றால் கடல் பச்சையும் வெள்ளையும். கார் எப்படியோ படகும் அப்படி; மினசோட்டாவின் லிட்டில் ஃபால்ஸ் ஊரில் செய்த க்ரெஸ்ட்லைனர் படகு ஒன்றுக்கு காடிலாக் மாதிரி வால் இறக்கையே உண்டு!

சரி, கராஜுக்குத் திரும்புவோம். இப்போது சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். சின்ன மீன்பிடிப் படகுகளில் குறுக்கே போகிற அலுமினிய பெஞ்ச், உட்காருவதற்கு மட்டும் வைத்ததல்ல. இரண்டு பக்கத் தகடும் விரியாமல், நெளியாமல் பிடித்து நிற்பது அதுதான். வீட்டு உத்தரம் மாதிரி. 'நடு பெஞ்ச் காலை இடிக்குது' என்று அறுத்து எறிந்துவிட்டு, ஜோரா ரெண்டு சுழல் நாற்காலி மாட்டினால், மோட்டார் வேகத்தில் படகின் இடுப்பு கழன்றுவிடும். உயரமான நாற்காலி என்றால் படகு கவிழவும் தயாராக இருக்கும்.

இன்னொன்று. அந்த பெஞ்சின் வயிற்றுக்குள் மிதவை நுரையோ, காற்றறையோ இருக்கும். அலுமினியம் லேசுதான், ஆனாலும் தண்ணீரைவிட 2.7 மடங்கு கனம். மரப்படகு முழுகத் தண்ணீர் ஏறினாலும் மிதக்கும். அலுமினியத் தகடு நேராக அடிக்குத்தான் போகும். ஒரு கன அடி நல்ல நுரை சுமார் 27 கிலோவைத் தாங்கும். கழட்டுகிற நுரையைக் கையில் தூக்கிப் பாருங்கள். கனத்தால், வருஷக்கணக்கில் தண்ணீர் குடித்திருக்கிறது என்று அர்த்தம். எத்தனை எடுக்கிறீர்களோ, அத்தனை கன அடி புதுசு திரும்ப உள்ளே போக வேண்டும். படகை எப்படிச் செய்ய வேண்டும் என்று பாதுகாப்பு விதி போட அமெரிக்காவில் மத்தியச் சட்டம் வந்ததே 1971-ல்தான். உங்கள் படகு அதற்கும் அண்ணன், செய்தபோது அதற்கு அந்த விதிகளின் காவல் இல்லை. ஏப்ரலில் ஐஸ் உருகி, மே மாதத்தில் படகு இறங்கும்போது அந்த ஏரித் தண்ணீர் இன்னும் ஐஸ் மாதிரிதான் இருக்கும். நீச்சல் தெரிந்தவனுக்கே கை கால் விறைத்துப் போகும்.

அந்தக் காலத்தில் மெத்தைக்குள் என்ன வைத்தார்கள் தெரியுமா? நம்ம இலவம் பஞ்சு! தண்ணீர் ஒட்டாது என்பதால் லைஃப் ஜாக்கெட்டிலும் படகுக் குஷனிலும் அதைத்தான் அடைத்தார்கள். பெரும்பாலும் ஜாவாவிலிருந்து போனது. 1942-ல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் சரக்கு நின்றுபோக, அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்பினார்கள். நம்ம எருக்கஞ்செடியின் சொந்தக்காரச் செடி ஒன்றின் பஞ்சுக்காயைப் பறிக்க. ரெண்டு பை காய்க்கு ஒரு லைஃப் ஜாக்கெட் என்று கணக்கு. போர் முடிந்து இலவம் பஞ்சு திரும்பி வந்தது. ஆனால் உறையில் ஓட்டை விழுந்து ஊறினாலோ, வருஷக்கணக்கில் ஏறி உட்கார்ந்து நசுங்கினாலோ அது மிதக்காது. பழைய குஷன் கிடைத்தால் அலமாரியில் வையுங்கள். ஏரியில் அதை நம்பினால் இலவு காத்த கிளி கதைதான்.

ஆகவே என் கட்சி இது: வெளியே 1958, உள்ளே இந்த வருஷம். பெஞ்சைத் தொடாதீர்கள். கழட்டியே ஆக வேண்டுமென்றால், இரண்டு பக்கத்தையும் குறுக்கே ஒரு கட்டையால் கட்டிவிட்டு, அட்டையில் அளவு வெட்டிக்கொண்டு, பிறகு கழட்டுங்கள். பலகைக்கு மெரைன் ப்ளைவுட், வெட்டிய ஓரமெல்லாம் எபாக்ஸி, மேலே வார்னிஷ். கறையான் வராது என்று யாராவது செம்பு மருந்து ஏற்றிய பலகையைத் தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள். ஈரம் பட்டால் செம்பு அலுமினியத்தை அரித்து ஓட்டை போடும். ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ், அதுவும் தகட்டில் நேராக உரசாமல் நடுவே பசையோ வாஷரோ. மெத்தைக்குத் தண்ணீர் குடிக்காத நுரை. சாதா ஸ்பாஞ்ச் வேண்டாம். ரெக்ஸின் கலருக்கு அந்த வருஷத்து விளம்பரப் படத்தைத் தேடி அலைய வேண்டாம். பழைய சீட்டின் மடிப்பைப் பிரித்துப் பாருங்கள், வெயில் படாத அசல் நிறம் அங்கே ஒளிந்திருக்கும். வரித் தையலை மட்டும் நல்ல குஷன்காரரிடம் கொடுத்துவிடுங்கள். வீட்டுத் தையல் மெஷின் பாவம், அழுதுவிடும்.

மே மாத நடுவில் வால்ஐ மீன் சீசன் திறக்கும். அன்றைக்குப் படகு தண்ணீரில் இல்லையென்றால் மினசோட்டாக்காரருக்குத் தூக்கம் வராது. அதுக்குள்ள தையல் முடியலையா? அந்தப் பழைய பெஞ்ச் மேலேயே புதுசா ஒரு மிதவைக் குஷனைப் போட்டுக்கிட்டு, லைஃப் ஜாக்கெட்டையும் மாட்டிக்கிட்டுக் கிளம்புங்க. வெறும் பெஞ்ச் மேலே குஷன் போட்டு உட்காருவதும் அந்தக் காலத்து ஸ்டைல்தான்!