வாடிவாசலுக்கு வந்த நோய்

சிறுமலையின் அடிவாரத்தே, மதுரையினின்று திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்தது வாடிப்பட்டி. அலங்காநல்லூரும் பாலமேடும் எங்கள் வட்டத்தினுள்ளே அடங்கிய ஊர்களேயாம். தைத்திங்கள் முதல்நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்னும் சல்லிக்கட்டு முறைமையை எங்களூர்ச் சிறார் வாய்பாடு கற்குமுன்னரே கற்றுவிடுவர். யானும் அவ்வாறு கற்றவருள் ஒருவன். ஆதலின் ஈண்டு யான் கூறப் புகுவன பகைவன் கூறும் பழியுரைகளல்ல. தன் அன்புக்குரிய பொருள் மெலிதல் கண்ட ஒருவனின் கவலையுரைகளே எனக் கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகின்றேன்.

ஏறு தழுவுதல் நம் நாட்டில் நேற்று முளைத்ததன்று. கலித்தொகையின் முல்லைக்கலியைப் பயின்றோர், ஆயர்குல இளைஞர் தொழுவினுட் பாய்ந்து காளைகளைத் தழுவியதையும், அவ்வீரம் நோக்கி மகளிர் மணவாளரைத் தேர்ந்ததையும் நன்கறிவர். பிற்காலத்தே காளையின் கொம்பிற் சல்லிக்காசுகளைத் துணியில் முடிந்து கட்டி, அதனை அவிழ்ப்பவனுக்கு அக்காசினை உரிமையாக்கினர். சல்லிக்கட்டு என்னும் பெயர் அவ்வழி வந்தது. காசு சிறிது, பெயர் பெரிது. இவ்விரண்டு சொற்களில் அப்பழைய விளையாட்டின் இயல்பு முழுதும் அடங்கிவிடுகின்றது.

இவ்விளையாட்டுக்குப் புறத்தேயிருந்து வந்த இடர் யாவரும் அறிந்தது. 2009ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு இதனை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றிற்று. 2011இல் நடுவணரசு, காட்சிப்படுத்தலாகாத விலங்குகளின் வரிசையிற் காளையையும் சேர்த்தது. 2014ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் உச்சநீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடைசெய்தது. 2017 சனவரியில் அலங்காநல்லூரிலும் சென்னை மெரீனாக் கடற்கரையிலும் இளைஞர் திரண்டனர். அவசரச் சட்டம் பிறந்தது. எனினும், நிலையான சட்டம் வேண்டுமென்று கூறி, சனவரி 22ஆம் நாள் முதலமைச்சரே வந்து தொடங்கவிருந்த சல்லிக்கட்டை அலங்காநல்லூர் மக்கள் ஏற்க மறுத்தனர். மறுநாட் சட்டமன்றத்திற் சட்டம் நிறைவேறிய பின்னரே, பிப்ரவரி 10ஆம் நாள் அவ்வூர் வாடிவாசல் திறந்தது. 2023 மே 18ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு அச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. இவ்வாறு புறநோய் தீர்ந்தது. ஆயின், தடையை வென்ற களிப்பில் நாம் காணத் தவறிய அகநோய் ஒன்று வளர்ந்து வருகின்றது. அதனைக் கூறுவதே என் கருத்து.

முதற்கண் நன்மையைக் கூறுதல் முறை. காளைகளைக் கால்நடை மருத்துவர் ஆய்கின்றனர். வாலைப் பிடித்தலும் கொம்பைப் பற்றுதலும் விலக்கப்பட்டுள்ளன. திமிலைத் தழுவுதலே முறையென வகுக்கப்பட்டுளது. வீழ்வோர்க்கு நோவு குறைய மண்மீது தேங்காய்நார் பரப்புகின்றனர். இவை பெரும்பாலும் நம்மை எதிர்த்து வழக்காடினோரின் கேள்விகளால் விளைந்தவை. உழைக்கும் எருதுக்கும் உரிமையுண்டென்பதை மோசேயின் நியாயப்பிரமாணத்திற் கற்ற நம்மனோர், அவ்வெதிர்ப்பாளர்க்கு நன்றி கூறக் கடப்பாடுடையேம்.

இனி நோய்க்கு வருவேன். அதன் முதற்கூறு பரிசிலின் பெருக்கம். துண்டும் வேட்டியும் வழங்கிய இடத்தே இப்பொழுது மோட்டார்க் கார் வந்து நிற்கின்றது. வீரன் பெரும்பரிசு பெறுதல் தவறன்று. அப்பரிசினை அளக்கும் கோலே தவறு. மிகுந்த எண்ணிக்கையிற் காளைகளைத் தழுவியவனே முதல்வன் என்று கணக்கிடுகின்றனர். நின்று விளையாடும் காளை ஒன்றுண்டு. அது வாடிவாசலைக் கடந்ததும் ஓடாது, மண்ணைக் குத்தி, நாற்புறமும் சுழன்று, எதிர்ப்பவனை நோக்கி நிற்கும். அதனை அணுகி ஒருமுறை தழுவுதல், வெருண்டு ஓடும் பத்துக் காளைகளைத் தழுவுதலினும் அரிது. ஆயின் கணக்கேட்டில் அஃது ஒன்று, இவை பத்து. ஆகவே அறிவுடைய இளைஞன் வலிய காளை வருங்கால் தடுப்புக் கம்பின்மீது ஏறிக்கொண்டு, எளிய காளைக்குக் காத்திருக்கின்றான். அவன்மேற் குற்றமென்னை? நாம் வைத்த கோலுக்கேற்பவே அவன் தன்னை அளந்துகொள்கின்றான்.

இரண்டாவது, காளைகளின் மிகுதி. ஒரு பகற்பொழுதினுள் நூற்றுக்கணக்கான காளைகளை அவிழ்க்கக் கருதுவதால், ஒரு காளையின் ஆட்டத்தைக் கண்ணாரக் காணுமுன்னரே அடுத்த காளை பாய்ந்து வருகின்றது. முன்னாளில், காளையின் பெயரும் ஊரும் வளர்த்தவர் பெயரும் பார்ப்போர் நாவில் இருந்தனவென்று எங்களூர் முதியோர் கூறுவர். இன்று எண் இருக்கின்றது, பெயர் மறைகின்றது.

மூன்றாவது கூறு எங்கள் இல்லத்துக்கே நெருங்கியது. என் தாய்மாமன் ஒரு புலிகுளம் காளையை வளர்க்கின்றார். அவர்க்கு உள்ள நிலம் சிறிது. பருத்திக்கொட்டையும் உளுந்தும் வாங்கும் செலவுக்காக அவர் தம் தேவைகள் சிலவற்றை விட்டார். காலையிற் கண்மாயில் நீந்தவிடுவதும், மாலையில் மண்குத்தப் பழக்குவதும் அவர் பணி. தீனி வைப்பது அத்தையின் பணி. பிறரை அண்டவிடாத அக்காளை, அத்தையின் சேலைத்தலைப்பை நக்கிக்கொண்டு நிற்கும். இணையவழியிற் பதிவுசெய்து டோக்கன் பெற்றாலன்றி இக்காலத்துக் காளையை அவிழ்த்தல் இயலாது. ஓராண்டு டோக்கன் கிடைக்கவில்லை. செல்வாக்குடையார் சிலர்க்குப் பலவாகக் கிடைத்தன என்று ஊரார் பேசிக்கொண்டனர். மறு ஆண்டு கிடைத்தது. முதல்நாள் இரவே மாமா வரிசையில் நின்றார். யானும் உடன் நின்றேன். பனியிலும் பின் வெயிலிலும் அக்காளை எங்களுடன் நின்றது. மாலையிற் பொழுது முடிந்ததென்று அறிவித்தபோது எங்களுக்கு முன்னே இன்னும் காளைகள் நின்றன. வாடிவாசலைக் காணாமலே நாங்கள் வீடு திரும்பினோம்.

அன்றிரவு மாமா உண்ணவில்லை. விற்றுவிடலாமா என்று அவர் கேட்டார். அத்தை மறுமொழி கூறாது தீனி வைக்கச் சென்றார். காளை இன்னும் எங்கள் தொழுவில் நிற்கின்றது. ஆயின் அக்கேள்வியும் அதனுடன் நிற்கின்றது. விலைக்கு வாங்கிப் பெயருக்கு வளர்க்கும் செல்வர் ஓராண்டு தோல்வியைத் தாங்குவர். சிறு குடியானவர் எத்தனை ஆண்டு தாங்குவர்? கிடைபோட்டு மேய்த்த புலிகுளம் மாட்டினத்துக்கு மேய்ச்சல் நிலம் குறைந்துவருங்காலத்தே, அதனை இல்லத்திற் பேணும் ஏழையரும் கைவிடுவராயின், நாட்டுமாட்டைக் காக்கவே சல்லிக்கட்டு என்று நாம் வழக்குமன்றத்தில் உரைத்த வாதம் யாதாகும்?

நான்காவது கூறு பெருமைநோய். இது புதியதன்று. சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' என்னும் கதையில், தன் காளை பிடிபட்டதனால் தன் பெருமை அழிந்ததெனக் கருதும் ஜமீன்தார் அதனைச் சுட்டுக்கொல்வதைக் கற்றோர் அறிவர். இன்று ஜமீன்தாரில்லை, அவர் பெருமை மட்டும் பலர்பாற் பிரிந்து வாழ்கின்றது. காளையை வளர்த்தவனின் சாதியும், மேடையில் அமர்ந்தோரின் பட்டங்களும் ஒலிபெருக்கியில் முழங்கவேண்டும் என விரும்புவோர் உளர். நடத்தும் உரிமை யாருக்கென்னும் பிணக்கு அவனியாபுரத்தில் நீதிமன்றம் வரை சென்றது. திண்டுக்கல் வட்டாரத்துக் கொசவபட்டி போன்ற கத்தோலிக்கச் சிற்றூர்களில் புனித அந்தோணியார் திருவிழாவை ஒட்டியும் சல்லிக்கட்டு நடைபெறுகின்றது. கோவிற் காளையும் திருநாட் காளையும் ஒரே மண்ணைக் குத்தும் இந்நாட்டில், சாதிப்பெயர் கூறுவதற்கு மட்டும் வாடிவாசலில் இடமென்னை?

கடல்கடந்த நாட்டிலும் இதனையொத்த நோய் கண்டதுண்டு. அமெரிக்காவின் தென்பகுதியில், கடையில் வாங்கும் சாதாரண மோட்டார்க் கார்களைச் செப்பம் செய்து ஓட்டும் ஸ்டாக் கார்ப் பந்தயம் எளிய மக்களிடையே வளர்ந்தது. 1948இல் அதனை நடத்த நாஸ்கார் என்னும் கழகம் தோன்றிற்று. செல்வம் பெருகப் பெருக, பந்தயக் கார் கடைக்காரினின்று வேறாயிற்று. 1947 முதல் பந்தயம் கண்ட நார்த் வில்க்ஸ்பரோ என்னும் சிற்றூர்க் களம் 1996க்குப்பின் கைவிடப்பட்டது; அதன் பந்தய நாட்கள் வேற்று மாநிலங்களின் பெரிய அரங்குகளுக்குச் சென்றன. அன்பர்களின் ஏக்கம் ஓயாமையால், 2023இல் அக்களத்துக்கு நாஸ்கார் மீண்டும் ஒரு பெரும்பந்தயத்தைக் கொணர்ந்தது. நம்மிடையேயும் 2024 சனவரி 24ஆம் நாள் அலங்காநல்லூரை அடுத்த கீழக்கரையில் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டது. பார்ப்போர்க்கு இருக்கையும் பாதுகாப்பும் வாய்த்தல் நன்றே. ஆயின் ஊர்த்தெருவும் ஊர்த்தெய்வமும் ஊர்மக்களும் சூழ்ந்த பழைய வாடிவாசல் மங்கிவிடாதவாறு விழித்திருத்தல் நம் கடன்.

எல்லாவற்றினும் கொடியது உயிரிழப்பு. களத்திலிறங்கிய வீரர் மட்டுமன்றி, எல்லைக்கப்பாற் காளையைப் பிடிக்க நின்ற உரிமையாளரும், வேடிக்கை காண வந்தோரும் மாண்டதுண்டு. களத்தினுள் ஆயிரம் விதிகள் வகுத்த நாம், காளை ஓடிச் சேரும் இடத்தைக் காவலின்றி விடலாமோ?

மருந்தும் கூறாது நோயை மட்டும் கூறுவோன் நண்பனாகான். ஆதலின் என் சிற்றறிவுக்கு எட்டியன உரைப்பேன். ஒரு பகலில் அமைதியாகக் காணத்தகும் அளவே காளைகளை அவிழ்க்கவேண்டும். டோக்கனில் ஒரு பங்கினை, ஒற்றைக் காளை வளர்க்கும் சிறு குடியானவர்க்கு ஒதுக்கவேண்டும். ஓராண்டு வரிசையில் நின்று திரும்பியவர்க்கு மறு ஆண்டு முதலிடம் தரவேண்டும். தழுவிய காளையின் அருமை நோக்கி மதிப்பெண் இடவேண்டும். காளை சேரும் இடத்தை வேலியிட்டுக் காக்கவேண்டும். சாதிப்பெயர் ஒலிபெருக்கியில் எழவே கூடாது. காரினும் கன்றோடு கூடிய நாட்டுப்பசு தகுதியான பரிசில். சில இடங்களில் அதனை வழங்கியும் உள்ளனர். கார் நாளடைவில் துருப்பிடிக்கும். பசுவோ மற்றொரு காளையை ஈனும்.

தடையை நீக்க மெரீனாவில் நின்றோர் பலர் மாணவரே. அன்று அவர்கள் கேட்டது, காளைக்கு வாடிவாசல் திறக்கவேண்டும் என்பது. திறந்த அவ்வாசல் ஏழையின் காளைக்கும் திறந்திருத்தல் வேண்டுமென இன்று கேட்பது மாணவராகிய நம் முறையாகும்.