ஏழு பிரகாரமும் ஆறாவது அத்தியாயமும்

போர்ட்டல் கேமைப் பத்தி ஏற்கனவே இங்க ரெண்டு தடவை மொக்கை போட்டாச்சு. இது மூணாவது. பொறுத்தருள்க மக்களே :)

தெரியாதவங்களுக்கு: சுவத்துல ரெண்டு ஓட்டை போடுற துப்பாக்கி. ஒண்ணுல நுழைஞ்சா இன்னொண்ணு வழியா வெளிய வரலாம். வால்வ் கம்பெனி 2007ல விட்ட முதல் பாகத்துல மொத்தம் 19 சோதனை அறைகள். பல அறைகள்ல நின்ன இடத்துலேர்ந்தே முக்கால்வாசி தெரிஞ்சிடும். மூளைக்குத்தான் வேலை, காலுக்கு இல்ல. வேற கேம்களோட சேர்த்து ஒரே பொட்டலமா வந்ததால, சின்னதா இருக்கேன்னு யாரும் பெரிசா குறைப்படல. 2011ல ரெண்டாம் பாகம் தனியா வந்தது. தனியா வந்தா பெரிசா இருக்கணுமே!

2012, பத்தாவது முடிச்ச லீவு, திருச்சி வீடு. எனக்குப் பின்னால பிளாஸ்டிக் சேர் போட்டு அப்பா. மவுஸைத் தொடமாட்டார், ஐடியா மட்டும். லேசர், ஒளிப்பாலம்னு அஞ்சு அத்தியாயம் ஜோரா போச்சு. ஆறாவதுல நாயகி பாதாளத்துல விழுறா. 1950கள் காலத்து ஆய்வுக்கூடம். இருட்டு, துரு, அண்ணாந்து பார்த்தா முடிவே தெரியாத உயரம். வெள்ளைச் சுவத்துலதான் ஓட்டை விழும். அது எங்கயோ தூரத்துல துக்கடாவா இருக்கும். அப்புறம் துள்ள வைக்கிற நீலப் பசை, வேகமா ஓட வைக்கிற ஆரஞ்சுப் பசைன்னு அருமையான புதிர்கள் வருது. அதுக்குள்ள அப்பா எழுந்துட்டார்.

"இது புதிர் இல்லடா. தொலைஞ்ச சாவியத் தேடறது."

மறுநாள் சேர் காலி.

போன மாசம் ஸ்ரீரங்கம் போனோம். அப்பாவுக்கு இப்போ முழங்கால் வலி. 156 ஏக்கர் கோயில், ஆட்டோல முடிஞ்சவரை உள்ள போயிடலாம்னேன். கேக்கல. ராஜகோபுரத்துலயே இறங்கி அண்ணாந்து பார்த்தார். 13 நிலை, 236 அடி. 1987ல கட்டி முடிக்கிறவரைக்கும் மொட்டையா நின்ன கோபுரம்; அவர் பார்த்து வளர்ந்தது அந்த மொட்டையைத்தான்.

மெதுவா நடந்தோம். பூக்கடை, வளையல் கடை தாண்டினா அடுத்த கோபுர வாசல். ரங்கவிலாச மண்டபத்துல ஒரு உட்கார்தல். கார்த்திகை கோபுரம் தாண்டி அவ்ளோ பெரிய கருடன் முன்னால இன்னொண்ணு. உள்ள போகப் போக மதில் நெருங்குது, கோபுரம் சின்னதாகுது. 'இன்னும் எவ்வளவு தூரம்'னு அவர் ஒரு தடவைகூட கேக்கல. கேக்க வேண்டியதே இல்லையே, அடுத்த வாசல் கண்ணெதிர்லயே நிக்குது. அந்தப் பாதாளமும் பெரிசா இருந்ததால கெடல, அடுத்த வாசல் எதுன்னு காட்டாததால கெட்டுது. (பன்னண்டு வருஷம் கழிச்சு ஞானம். சாஃப்ட்வேர்காரன் வேகம்!)

திரும்பி வர்றப்ப ஒரு மண்டபத் தூணுல சாஞ்சு உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கிட்டே திடீர்னு கேட்டார்: "அந்த ஓட்டை போடுற விளையாட்டு... பாதாளத்துலயே விட்டுட்டோம்ல?"

"ஆமாப்பா."

"லேப்டாப் கொண்டாந்திருக்கியா? நீ நட. வெள்ளைச் சுவர நான் பார்த்துச் சொல்றேன்."

காலேஜ் ஹாஸ்டல்ல ரெண்டு தடவை முடிச்சுட்டேன்ங்கிறத சொல்லல.