செண்பகாதேவிக்குப் போற திட்டம்

பிசான அறுவடை முடிஞ்சு வயல் சும்மா கிடக்கு. சாரல் விழுந்தால்தான் கார் நெல்லுக்கு நாத்துப் பாவ முடியும். வருசத்துல எனக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கிறது இந்தச் சித்திரையில மட்டும்தான். அந்த நேரத்தையும் இந்தத் தடவை ஒரு சின்ன மலை நடை எடுத்துக்கிட்டது.

எங்க ஊர்ல இருந்து குற்றாலம் ஏழெட்டு கிலோமீட்டர். வரப்புல நின்னா மலை தெரியும். பேரருவியில விழுற சிற்றாத்துத் தண்ணிதான் எங்க வாய்க்காலுக்கு வருது. பேரருவிக்கு மேல காட்டுக்குள்ள சுமார் 2 கிலோமீட்டர் ஏறினா செண்பகாதேவி அருவி. பக்கத்துல அம்மன் கோயில். அதுக்கும் மேல தேனருவி. பாறை இடுக்குல தேன்கூடு தொங்குறதால அந்தப் பேர். தேனருவிக்கு யாரும் போகக் கூடாதுன்னு தடை இருக்கு. செண்பகாதேவிக்கும் நினைச்ச நேரம் போக முடியாது. சித்ரா பௌர்ணமி மாதிரி விசேஷத்துக்கு, வனத்துறை விட்டால் போகலாம்.

போன வாரம் ராத்திரி திண்ணையில படுத்திருந்த எங்க அப்பா என்னைக் கூப்பிட்டாங்க.

"ஏல, ஒம் மவன் போன்ல பேசிட்டிருந்தான். விடியக்காலம் அஞ்சு மணிக்குப் போனா செக்போஸ்ட்ல யாரும் பாக்க மாட்டாவளாம். தேனருவி வரைக்கும் போவப் போறானுவளாம். ஆறு பேரு."

எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. பையனுக்கு 17 வயசு. இப்பதான் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடிச்சிருக்கான். எழுப்பி ரெண்டு சாத்து சாத்தணும்னு எந்திரிச்சேன்.

கோபத்துக்குக் காரணம் இருக்கு. 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்துல என்ன நடந்துதுன்னு எங்க பக்கத்து ஆளுங்க யாரும் மறந்திருக்க மாட்டாங்க. மலைக்கு மேல பெய்த மழை. ஜனங்க குளிச்சிட்டு இருக்கும்போதே வெள்ளம் வந்துட்டு. படிக்கட்டுல விழுந்தடிச்சு ஓடுற வீடியோவ நீங்களும் பார்த்திருப்பீங்க. அதுல ஒரு பையனைத் தண்ணி அடிச்சிட்டுப் போயிட்டு. அவனுக்கும் 17 வயசு. அது ரோட்டுப் பக்கத்துல இருக்கிற அருவி, ஆள் நடமாட்டம் உள்ள இடம். அங்கேயே அப்படின்னா காட்டுக்குள்ள என்ன ஆகும்?

அப்பா என் கையைப் பிடிச்சு உக்கார வச்சாங்க. "போவாதன்னு சொன்னா சொல்லாமப் போவான். நீயே கூட்டிட்டுப் போ."

மறுநாள் பையன்கிட்ட நான் சத்தம் போடல. ஒரு பழைய நோட்டையும் பேனாவையும் குடுத்து, "திட்டம் போடுவோம், எழுது"ன்னேன். அவன் முகம் கடுகடுன்னுதான் இருந்துது. ஆனா எழுதினான்.

முதல்ல நாள். சித்ரா பௌர்ணமி. கோயிலுக்குப் போற கூட்டத்தோட போறது, கூட்டத்தோட இறங்குறது. முந்தின நாளே போய் வனத்துறை ஆளுங்ககிட்ட கேட்டுக்கணும். இல்லைன்னு சொல்லிட்டா பேரருவியோட திரும்பிரணும், எதிர்த்துப் பேசக் கூடாது. தேனருவி கிடையாது.

ரெண்டாவது நேரம். காலையில சீக்கிரம் ஏறி, 12 மணிக்கு முன்னாடி அடிவாரத்துக்கு வந்திரணும். கோடை மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேலதான் கூடும். மேல போன் எடுக்கும்னு நம்ப முடியாது. அதனால அவங்க அம்மாகிட்ட, "ஒரு மணிக்குள்ள எங்க போன் வரலைன்னா வனத்துறைக்குச் சொல்லு"ன்னு நேரத்தைச் சொல்லிட்டுப் போகணும்.

மூணாவது சாமான். ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, எவர்சில்வர் தூக்குல புளிச்சோறு, துண்டு, வழுக்காத செருப்பு. பிளாஸ்டிக் பை வேண்டாம், பை சரசரத்தா குரங்கு மேல வந்து விழும். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் ஆகாது. குற்றாலத்துல அதுக்குத் தடை இருக்குங்கறது ஒரு பக்கம். அந்த நுரை வந்து சேர்றது நம்ம நெல்லுக்குத்தானேன்னு சொன்னேன். அதுக்கு மட்டும் லேசா சிரிச்சான்.

நாலாவதை எழுதச் சொல்லும்போது நான் தயங்கினேன். பிறகு சொல்லிட்டேன். 19 வயசுல நானும் வீட்டுக்குத் தெரியாமப் போயிருக்கேன். நாலு பேர். செண்பகாதேவிக்கு மேல ஆத்தைத் தாண்டி அக்கரைக்குப் போயிட்டோம். முழங்காலுக்குக் கீழதான் தண்ணி. எங்க தலைக்கு மேல வெயில் அடிச்சுக்கிட்டு இருந்துது. திடீர்னு தண்ணி டீ மாதிரி நிறம் மாறிச்சு. சருகும் குச்சியும் மிதந்து வந்துது. வேடிக்கைதான் பார்த்தோம். கொஞ்ச நேரத்துல நாங்க தாண்டி வந்த பாறை ஒண்ணைக்கூடக் காணோம். ஒருத்தன் இறங்கப் போனான், சட்டையைப் பிடிச்சு இழுத்தோம். ரெண்டு மணி நேரம் ஒரு பாறை மேல நாலு பேரும் ஒட்டிக்கிட்டு நின்னோம். தண்ணி வடியலைன்னா இன்னைக்கு இதை எழுத நான் இல்ல.

நான் இதை வீட்டுல சொன்னது அதுதான் முதல் தடவை. அப்பா வெத்தலையைத் துப்பிட்டு, "எனக்குத் தெரியும்ல. அன்னிக்கு நீ வந்து ரெண்டு நாளா வாய்க்கால்ல கால் நனைக்கல"ன்னாங்க. எனக்கு வாயே வரல.

பையன் நாலாவதை அவனாவே எழுதினான்: 'தண்ணி நிறம் மாறினா, சருகு வந்தா, இரைச்சல் கூடினா, மலை மேல கருத்தா, சாமானை விட்டுட்டு உடனே ஆத்தை விட்டு மேட்டுக்கு ஏறணும். ஆத்துக்கு அந்தப் பக்கம் போகவே கூடாது.'

அப்பாவுக்கு முழங்கால் வலி, அவங்களால ஏற முடியாது. பேரருவிப் பக்கம் உக்கார்ந்து மலையைப் பார்த்துக்கிட்டு இருக்கிறதா சொல்லிட்டாங்க. ஆறு பேருல மூணு பேர் வீட்டுல சம்மதம் குடுத்துட்டாங்க. மத்த மூணு வீட்டுக்கும் இன்னிக்குச் சாயங்காலம் நான் நேர்ல போறேன். அந்தப் பையன்களும் தனியாப் போயிரக் கூடாது பாருங்க.

முந்தாநாள் ராத்திரி மேற்கே இடி இடிச்சுது. ஊர்ல ஒரு சொட்டு விழல. காலையில நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தேன். பையன் வாய்க்கால் பக்கமிருந்து ஓடி வந்தான்.

"அப்பா, வாய்க்கால்ல தண்ணி கலங்கலா வருது. சருகு வேற. மேல மழை பெய்ஞ்சிருக்கு."

பௌர்ணமிக்கு இன்னும் நாலு நாள் இருக்கு. அன்னிக்கும் இப்படிக் கலங்கல் வந்தா போறதில்லைன்னு நோட்டுல அஞ்சாவதா எழுதி வச்சிருக்கான். போனோமா இல்லையான்னு அடுத்த பதிவுல சொல்றேன்.