எறக்கத்தைப் பார்த்து வண்டி வாங்கச் சொன்னவருக்கு

அன்புள்ள பெரியப்பா,

இதை உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து சொல்லியிருக்கலாம். இரண்டு முறை முயன்றும் பார்த்தேன். நான் வாயெடுத்ததுமே, "அத விடு அம்மிணி, வண்டிக்கு கிரீஸ் அடிச்சயா?" என்று பேச்சைத் திருப்பிவிட்டீர்கள். டீக்கடைக்கு வரும் பத்திரிகைகளை அட்டை முதல் அட்டை வரை வாசிப்பவர் நீங்கள். அச்சில் வந்துவிட்டால் உங்களால் பேச்சைத் திருப்ப முடியாது. அதனால் ஊரறிய எழுதுகிறேன். முதல் வண்டி வாங்கப் பணத்தைப் புரட்டி வைத்துக்கொண்டு, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறவர் யாராவது இதைப் படித்தால், நீங்கள் எனக்குச் சொன்னது அவருக்கும் போய்ச் சேரட்டும்.

அப்பா பக்கவாதத்தில் படுத்தபோது வாசலில் ஒரு ஜேசிபியும் ஒரு ஹிட்டாச்சியும் நின்றன. (அப்பா கடைசிவரை அதைப் 'பொக்லைன்' என்றுதான் சொன்னார். அது ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர் என்பது அவருக்குத் தெரியும். முதன்முதலில் ஓட்டிப் பழகிய மிஷினின் பெயரை விட அவருக்கு மனம் வரவில்லை.) ஜேசிபிக்குக் கவலையில்லை, தன் சக்கரத்திலேயே ஊர்விட்டு ஊர் போய்விடும். ஹிட்டாச்சி அப்படியல்ல. செயினில் நடப்பது. ரோட்டில் நடத்தினால் தாரும் பெயரும், செயினும் தேயும். ஒவ்வொரு வேலைக்கும் டிரெய்லரை வாடகைக்குக் கூப்பிட வேண்டும். மூன்று நாள் வேலைக்காக இரண்டு நாள் டிரெய்லருக்குக் காத்திருந்ததெல்லாம் உண்டு. வாடகை கொடுத்துக் கொடுத்து மாளவில்லை, சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று நான் முடிவு செய்தது அப்பா போன அடுத்த வருடம்.

சங்ககிரியில் ஒரு புரோக்கர் பத்து வீல் லாரி ஒன்றைக் காட்டினார். பழைய 2518. பெயின்ட் புதிது, விலை என் கைக்கு எட்டுகிற விலை. "பின்னால ராம்ப் வெச்சுக்கலாங்க, மிஷின் அதுவா ஏறிக்கும்" என்றார். அட்வான்ஸ் பணம் என் கைப்பையில் இருந்தது. எதற்கும் உங்களை ஒருமுறை பார்க்கச் சொல்லலாம் என்று அழைத்தேன். அப்பாவின் மிஷினை இருபது வருடம் ஏற்றி இறக்கியவர் நீங்கள். பஸ் பிடித்து வந்தீர்கள். பானெட்டைத் திறக்கவில்லை, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லவில்லை. வண்டியை ஒருமுறை சுற்றி வந்துவிட்டு என்னிடம்தான் கேட்டீர்கள்.

"மிஷின் எத்தன டன்னு?"

"இருபதுங்க பெரியப்பா."

"ஆரு சொன்னது?"

"மிஷின் புத்தகத்துல இருக்குதுங்க."

"புத்தகமா ரோட்ல போகப் போகுது? எடைமேடைல ஏத்திப் பாத்தயா?"

பார்க்கவில்லை. அடுத்த வாரம் வாடகை டிரெய்லரில் மிஷின் போனபோது, நீங்கள் சொன்னபடியே எடைமேடையில் நிறுத்தினேன். பாறை உடைக்கிற பிரேக்கர், மாற்று பக்கெட், டீசல் பேரல், செயின்களில் அப்பியிருந்த களிமண் எல்லாம் சேர்த்து, டிரெய்லரின் எடையைக் கழித்த பிறகும் 23 டன்னுக்கு மேல் வந்தது. புத்தகத்தில் இருந்த 20, தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்றைய எடை. வேலைக்குப் போகிற எடை வேறு.

அந்த எடைச் சீட்டின் பின்பக்கத்தில் நீங்கள் போட்ட கணக்கை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். லாரியின் பெயரிலேயே கணக்கு இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தீர்கள். 2518 என்றால் முன்னிரண்டு எண் வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை, 25 டன். பின்னிரண்டு எண் குதிரைத்திறன், 18 என்றால் ஏறக்குறைய 180. பத்து வருடமாக ரோட்டில் இந்த எண்களைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன். அது ஏதோ மாடல் நம்பர் என்று நினைத்திருந்தேன். 25 டன்னில் வண்டியின் சொந்த எடை ஒன்பதைக் கழித்தால் மிச்சம் 16. பதினாறில் எங்கே இருபத்துமூன்றை வைப்பது? அதோடு பாடித் தளத்தின் உயரத்துக்கு மேல் மூன்று மீட்டர் மிஷின் நின்றால் ஊருக்குள் கரன்ட் கம்பியைத் தொடும், வளைவில் தலை கனத்துச் சாயும். தரையோடு தாழ்ந்து போகிற லோ பெட் டிரெய்லர்தான் இதற்கு என்றீர்கள். மிஷின் 23, டிரெய்லர் 11, இழுக்கிற முன்வண்டி 8. ஆக 42 டன். "நாப்பதுல ஆரம்பிக்கற வண்டி பத்தாது. நாப்பத்தொம்பதப் பாரு. கணக்குக்கு மேல அஞ்சு டன்னாவது சும்மா கெடக்கோணும்."

புரோக்கர் விடவில்லை. 2018இல் அரசே எடை வரம்பை உயர்த்திவிட்டது, பெரிய டிரெய்லர்களுக்கு 49 என்று இருந்தது 55 ஆகிவிட்டது, கொஞ்சம் கூடப் போனால் தப்பில்லை என்று வாதாடினார். நீங்கள் குரலை உயர்த்தாமல் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தாள்ல எடை கூடுச்சுங்க. இந்த வண்டியோட பிரேக் டிரம் கூடலீங்களே."

கைப்பையை மூடினேன். அந்த ஒரு வரிக்காகவே இந்தக் கடிதம் எழுதலாம்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் என்னோடு அலைந்தீர்கள். நாமக்கல், சங்ககிரி, சேலம். ஒவ்வொரு வண்டியிலும் நான் எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்பேன். கல்லூரியில் இயற்பியல் படித்தவள் நான். திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது என்று பரீட்சையில் எழுதியவள். ஆனாலும் அதன் பொருள் விளங்கியது நீங்கள் மாட்டை வைத்துச் சொன்னபோதுதான். பந்தயத்தில் ஓடுகிற காளை வேறு, சேற்றில் காலை ஊன்றி நிறைவண்டியைக் கிளப்புகிற மாடு வேறு. டீசல் எஞ்சின் ஊன்றி இழுக்கிற சாதி. 1,200 சுற்றிலேயே முழு இழுவையும் கையில் வந்துவிட வேண்டும், கத்தவிட்டுத்தான் இழுக்கும் என்றால் கிளட்ச் தட்டுக்கு ஆயுசு கிடையாது. அதேபோல எஞ்சினை மட்டும் பார்க்காமல், பின் அச்சில் கிரவுனுக்கும் பினியனுக்கும் எத்தனை பல் என்று விசாரிக்கச் சொன்னீர்கள். கிரவுனில் 41 பல், பினியனில் 7 பல் என்றால் ஷாஃப்ட் ஆறு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்று சுற்றும். வேகம் குறையும், இழுவை கூடும். நெடுஞ்சாலையில் பார்சல் அடிக்கிறவருக்கு இந்த விகிதம் ஆகாது, டீசல் குடிக்கும். கல்குவாரி மண்பாதையில் 42 டன்னைக் கிளப்ப வேண்டிய எனக்கு இதுதான் வேண்டும்.

ஆனால் இழுவையைப் பற்றி நீங்கள் பேசியது கொஞ்சம்தான். பேசியதெல்லாம் நிறுத்துவதைப் பற்றி.

"ஏத்தத்துல இழுக்காத வண்டி நின்னு போகும். ஓரத்துல போட்டுட்டு டீ குடிக்கலாம். எறக்கத்தப் பாத்து வண்டி வாங்கு அம்மிணி."

ஒவ்வொரு வண்டியிலும் ஏர் ஏறுகிறவரை ஓடவிட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, சத்தமில்லாமல் காது கொடுத்துக் கேட்டீர்கள். காற்றழுத்த முள் இறங்குகிறதா என்று பத்து நிமிடம் பார்த்தீர்கள். டேங்கின் அடியில் இருக்கும் வால்வைத் திறந்து தண்ணீர் வருகிறதா, எண்ணெய் வருகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தீர்கள். எண்ணெய் வந்தால் கம்ப்ரசர் போய்விட்டது என்று அர்த்தம். ஒரு வண்டியில் எக்ஸாஸ்ட் பிரேக்கின் பட்டர்ஃபிளை துருப்பிடித்து ஒட்டிக் கிடந்தது. விற்கிறவர், "அத யாருங்க யூஸ் பண்றாங்க?" என்றார். நீங்கள் மறு பேச்சில்லாமல் வெளியே வந்துவிட்டீர்கள். டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சின் மாதிரி காற்று வழியை அடைக்கிற தட்டு இல்லை. அதனால் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் மட்டும் வண்டி போதிய அளவு பிடித்து நிற்காது. புகைக்குழாயை அடைக்கிற அந்தச் சிறு தட்டுதான் எஞ்சினையே பிரேக் ஆக்குகிறது. இதை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். நீங்கள் பாதத்தால் தெரிந்துவைத்திருந்தீர்கள்.

49 டன் முன்வண்டி ஒன்று அமைந்தது. எந்தக் கம்பெனி என்பதை இங்கே எழுதவில்லை, ஏனென்றால் நீங்கள் கம்பெனி பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வழியில் நின்றால் பக்கத்து ஊரில் ஸ்பேர் கிடைக்குமா, கை வைக்க ஆள் இருக்கிறாரா என்றுதான் பார்த்தீர்கள். 2020க்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டிகளையும் அந்தக் கணக்கில்தான் தள்ளினீர்கள். நின்று நின்று போகிற, மாதத்தில் பாதி நாள் ஓரமாக நிற்கிற பிழைப்புக்கு யூரியா தண்ணீரும் புகை வடிகட்டியும் கூடுதல் பராமரிப்பு என்பது உங்கள் முடிவு. தினமும் நெடுந்தூரம் ஓடுகிறவருக்கு வேறு சொல்லியிருப்பீர்கள்.

முதல் பயணம் தருமபுரியில் இருந்து சேலத்துக்கு. ஸ்டியரிங்கில் நம் டிரைவர் தம்பி, நடுவில் நீங்கள், ஜன்னலோரம் நான். தொப்பூர் கணவாய் ஆரம்பிக்கும் முன்பே ஓரமாக நிறுத்தச் சொன்னீர்கள். இறங்கி எல்லா டயரையும் தட்டிப் பார்த்தீர்கள். மிஷினைக் கட்டிய நான்கு சங்கிலிகளையும் இழுத்துப் பார்த்தீர்கள். பூம் இறங்கி, பக்கெட் தளத்தில் அமர்ந்திருக்கிறதா என்று பார்த்தீர்கள். இரும்புச் செயின் இரும்புத் தளத்தில் வழுக்கும் என்று அடியில் நீங்கள் வைக்கச் சொன்ன மரக்கட்டைகள் நகரவில்லை. பிறகு தம்பியிடம், ஏறுகிற கியர் எதுவோ அதற்கும் ஒன்று குறைத்து இறங்கு, பாதியில் கியர் மாற்றாதே என்றீர்கள்.

எக்ஸாஸ்ட் பிரேக் உறும, வண்டி நடக்கிற மாதிரி இறங்கியது. வலப்பக்கம் இன்னொரு லாரி சத்தமே இல்லாமல் எங்களைக் கடந்து போனது. "நியூட்ரல்" என்றீர்கள், அவ்வளவுதான். கொஞ்ச தூரத்தில் பிரேக் லைனர் கருகும் நாற்றம் ஜன்னல் வழியாக வந்தது. அந்தச் சாலையில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கி எத்தனை வண்டிகள் முன்னால் போன வண்டிகளின் மேல் ஏறியிருக்கின்றன என்பதை நம் ஊரில் செய்தித்தாள் படிக்கிற எல்லோரும் அறிவார்கள். அன்று அந்த லாரி ஆண்டவன் புண்ணியத்தில் கீழே போய் நின்றுவிட்டது. சக்கரங்களில் இருந்து புகை வந்துகொண்டிருந்தது.

அன்றிரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன் பெரியப்பா. 42 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதும் வெப்பமானால் சுமார் 140 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும். அவ்வளவு சூட்டையும் எஞ்சின் கொஞ்சமும் வாங்கிக்கொள்ளாமல், பிரேக் டிரம்மே தாங்க வேண்டும் என்றால் எப்படித் தாங்கும்? என் பட்டப்படிப்பு எனக்குக் கொடுத்த சூத்திரம் இத்தனை நாள் சும்மா கிடந்தது. அதை எங்கே பொருத்துவது என்று காட்டியவர் எட்டாம் வகுப்போடு கிளீனராக வண்டியேறியவர்.

வண்டி முடிந்த அன்று விற்றவர் உங்கள் பங்கு என்று ஒரு கவரை நீட்டினார். நீங்கள் அதை என் கையில் கொடுத்து, நல்ல சங்கிலியும் பைண்டரும் வாங்கிக்கொள் என்றீர்கள். வாங்கினேன். தொப்பூரில் நீங்கள் இழுத்துப் பார்த்த சங்கிலிகள் அவைதான்.

உங்கள் இடது முழங்காலுக்குக் கீழே கருத்துக் கிடக்கிற தோலைப் பற்றி ஒருமுறை கேட்டேன். பழைய வண்டிகளில் எஞ்சின் கேபினுக்குள்ளேயே இருக்கும், நாற்பது வருடம் அதன் சூட்டில் கால் வைத்ததால் வந்தது என்றீர்கள், மழை வரும் போலிருக்கிறது என்கிற குரலில். 2025 அக்டோபர் முதல் தேதியில் இருந்து தயாராகிற லாரிகளுக்கு ஓட்டுநர் கேபினில் ஏசி கட்டாயம் என்று செய்தி வந்த அன்று அதைப் பேப்பரில் இருந்து எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டியவரும் நீங்கள்தான். வாசித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தீர்கள்.

நம் வண்டி பழையது, அந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது. ஆனாலும் போன வாரம் சேலத்தில் கேபினுக்கு ஏசி மாட்டக் கொடுத்தேன். வியாழக்கிழமை வண்டி வந்துவிடும். வெள்ளிக்கிழமை விடிகாலை தருமபுரிப் பக்கம் ஒரு கிணறு வேலை முடிந்து மிஷினை ஏற்ற வேண்டும். திரும்புகிற வழி தொப்பூர்தான். தம்பி நன்றாகவே ஓட்டுகிறான், நீங்கள் வந்தாக வேண்டும் என்றில்லை. நடு இருக்கையைக் காலியாக வைத்திருக்கிறோம். நான்கு மணிக்கு உங்கள் வாசலில் ஹார்ன் அடிக்காமல் வந்து நிற்போம். வெற்றிலைப் பையை மறந்துவிடாதீர்கள். கிரீஸ் அடித்தாயிற்று.

இப்படிக்கு,
உங்கள் அம்மிணி