ஒரு நூல் ஆட்டம்

இழுப்பறையில் பேனா தேடினால் கையில் அகப்படுவது அந்த மோட்டார்தான். 12 வோல்ட், கியர் பெட்டியோடு சேர்த்தும் உள்ளங்கையில் அடங்கிவிடும். வெளித்தண்டைத் திருகினால் லேசில் திரும்பாது. முரண்டு பிடிக்கும்.

கல்லூரி இறுதியாண்டில் 30 செ.மீ. நீள அலுமினியக் கை ஒன்றை அதில் மாட்டினோம். படுக்கைவாட்டில் சுழலும் கை, எடை 200 கிராம். சமன்பாட்டில் கையின் நிலைமத்தைப் போட்டேன், சுருளின் மின்தடையைப் போட்டேன், சுழலும்போது மோட்டாரே எதிர்த்து உண்டாக்கும் மின்னழுத்தத்தைக்கூட விடவில்லை. உள்ளே சுற்றும் ஆர்மேச்சரை மட்டும் விட்டுவிட்டேன். சுண்டைக்காய்க்கு என்ன கனம் என்ற நினைப்பு. கணினியில் கை சட்டென்று போய் நின்றது. மேசைமேல் சோம்பலாகக் கிளம்பி, நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஓடியது.

கியர் விகிதம் 100. திருப்புவிசை அத்தனை மடங்கு கூடும், வேகம் அத்தனை மடங்கு குறையும். இது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் ஆர்மேச்சரின் நிலைமம் வெளித்தண்டில் 100-இன் வர்க்கமாக, 10,000 மடங்காகத் தெரியும். கணக்குப் போட்டேன். கைக்கு 0.006 வந்தது, சுண்டைக்காய்க்கு 0.01. அத்தனை நாளும் நாங்கள் ஆட்டிக்கொண்டிருந்தது பெரும்பாலும் மோட்டாரைத்தான்!

அதைச் சேர்த்த பிறகும் நுனி நடுங்கியது, டிக் டிக் என்று. லேத் பட்டறைக்காரர் விரலால் ஆட்டிப் பார்த்தார். "ஒரு நூல் ஆட்டம் இருக்கே தம்பி. லேத்துல நாங்க கொஞ்சம் பின்னால போயிட்டு முன்னால வந்துதான் அளவு பிடிப்போம்." பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே சந்து. அதை மோட்டார் கடக்கும்வரை கைக்கு ஒன்றும் தெரியாது. கடந்ததும் மோதித் தள்ளிவிடும். உடனே கட்டுப்பாட்டு நிரலிடமிருந்து 'திரும்பு' என்று உத்தரவு. மறுபடி டிக்.

1971-இல் அப்பல்லோ 15 கொண்டுபோன நிலவு வண்டியின் சக்கரங்களில் 80-க்கு 1 ஹார்மோனிக் டிரைவ் இருந்ததைப் பிறகு படித்தேன். நெளியும் மெல்லிய எஃகு வளையம். ஆட்டம் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் நெளிகிறதே, அதற்காகச் சமன்பாட்டில் ஒரு ஸ்பிரிங்கைச் சேர்க்க வேண்டும். ஒன்று போனால் இன்னொன்று. எம்ஐடியின் மினி சீட்டா ரோபோ வேறு வழி போனது: விகிதம் வெறும் 6. வர்க்கம் 36தான். கால் தரையில் மோதினால் மோட்டாருக்கே உறைக்கும்.

இன்றும் பேனா கிடைக்கவில்லை. தண்டைத் திருகிப் பார்த்தேன். முதலில் இம்மியளவு சும்மா நகர்ந்தது. பிறகு முரண்டு.