அப்பாவுக்கு இரண்டு பெயர்

என் அப்பாவுக்கு இரண்டு பெயர். பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஒன்று, மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் இன்னொன்று. தெருவில் எல்லோரும் கூப்பிட்டது கோயில் பெயரைத்தான். எங்களுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு மனுக் கொடுக்கும்போதெல்லாம், வி.ஏ.ஓ. விசாரணைக்கு வந்துவிடுவாரோ என்று அம்மா சுவரில் இருக்கும் இயேசு படத்தைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைப்பார்.

கல்லூரி விண்ணப்பத்தில் 'மதம்' என்ற கட்டம் வந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. கிறிஸ்தவன் என்றால் நான் எஸ்.சி. இல்லை, தமிழ்நாட்டில் பி.சி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் எனக்கு இல்லை. 'இந்து' என்று எழுதினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஞாயிறு பூசையில் அவர் நன்மை வாங்க எழுந்து போகவில்லை.

1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். மதத்தைப் பார்க்காமல் தரவேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் பரிந்துரைத்தது. நடக்கவில்லை. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவராக வாழ்பவர், வேலைக்காக இந்து என்பது அரசமைப்புச் சட்டத்தை ஏமாற்றுவதாகும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. என் அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

அரசை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது தோழர்களே. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். திருவிழாத் தேர் எங்கள் தெரு முனையோடு திரும்பிவிடும். 2008-இல் எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதற்கு என்ன நடந்தது என்று தேடிப் படியுங்கள். தலித் கிறிஸ்தவர்கள் மீது தீண்டாமை இருப்பதை 2016-இல் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவையே ஒப்புக்கொண்டது.

ஞானஸ்நானத்தோடு சாதி போய்விட்டது என்கிறது தாசில்தார் ஆபீஸ். போகவில்லை என்கிறது கல்லறைச் சுவர்.

இரண்டுக்கும் நடுவில் தேய்ந்துகொண்டிருக்கிறது எங்கள் தெருவின் சிற்றாலயம். உபதேசியார் செத்த பிறகு வேறு ஆள் போடவில்லை. சாமியார் மாதம் ஒருமுறை வருகிறார். கூரை ஒழுகுகிறது, கூலி வேலைக்குப் போகிறவர்கள் எவ்வளவு காணிக்கை போட முடியும்? அதைக்கூடச் சமாளித்துவிடலாம். ஆனால் சுவரை இடிக்கச் சொல்லி ஆயருக்கு ஒரு மனு எழுதினோம். கையெழுத்துப் போட ஆள் இல்லை. கிறிஸ்தவர் என்று பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டால் பிள்ளைகளின் சான்றிதழ் என்னாகும் என்ற பயம். பையன்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானும் போடவில்லை.

போன வருஷம் அப்பா இறந்தார். இறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், சிலுவையில் ஒரு பெயர். சுவருக்கு இந்தப் பக்கம்தான் புதைத்தோம்.

1950 ஆணையைத் திருத்து என்று டெல்லியைக் கேட்போம். சுவரை இடி என்று ஆயரைக் கேட்போம். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த மனு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இந்த வாரம் முதல் கையெழுத்து என்னுடையது.