எடின்பரோவில் லாடம் கட்டிய கால்கள்

மகளின் பிரசவத்துக்காக எடின்பரோ போயிருந்தேன். "அங்கே கோடைக்காலம்மா, பயப்படாதே" என்றுதான் கூப்பிட்டாள். ஆகஸ்டிலும் நான் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை!

ஸ்காட்லாந்தின் இந்தத் தலைநகரம் ஆகஸ்ட் வந்தால் திருவிழாக் கோலம்தான். 1947-ல் சர்வதேசக் கலைவிழா தொடங்கியபோது, எட்டு நாடகக் குழுக்கள் அழைப்பே இல்லாமல் வந்து, கிடைத்த இடத்தில் நடித்தார்களாம். அதில் முளைத்ததுதான் 'ஃப்ரிஞ்ச்' விழா. இன்று தேவாலயக் கூடம், மதுக்கடை மாடி, கல்லூரி வகுப்பறை எல்லாமே அரங்கம். கோட்டையிலிருந்து அரண்மனை வரை இறங்கும் 'ராயல் மைல்' வீதியில் பத்தடிக்கு ஒருவர் நோட்டீஸைக் கையில் திணிக்கிறார். நம்மூர் ஜவுளிக்கடை வாசல் தோற்றது, போங்கள்!

அப்படி வந்த ஒரு நோட்டீஸ்: தனி ஒரு பெண் ஆடும் 'டாப் டான்ஸ்'. வீட்டுக் களேபரத்தைச் சமாளிப்பதுதான் விஷயமாம்.

பேத்தி பிறந்து அப்போது ஏழு வாரம். மகளுக்கு இரவெல்லாம் விழிப்பு. திடீர் திடீரென்று அழுவாள். "நான் நல்ல அம்மாவே இல்லம்மா" என்பாள். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ், "பிரசவமான புதிதில் அழுகை சகஜம், இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால் டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டும்" என்றாள். இவள் கேட்டால்தானே?

"நான் பாப்பாவைப் பாத்துக்கறேன் அத்தை, ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்றார் மாப்பிள்ளை.

மதுக்கடை மாடியில் சின்ன அறை. நாற்பது நாற்காலி, நடுவே ஒரு மரப்பலகை. ஆடுகிறவளின் ஷூவில் முன்புறமும் குதிகாலிலும் உலோகத் தகடு, மாட்டுக்கு லாடம் கட்டினாற்போல! இந்த ஆட்டத்தின் வேர் அமெரிக்காவில். 1739-ல் சவுத் கரோலினாவில் அடிமைகள் கிளர்ந்தெழ, அடுத்த வருஷமே அவர்கள் முரசு கொட்டக் கூடாதென்று சட்டம் வந்தது. முரசைப் பிடுங்கலாம், காலைப் பிடுங்க முடியுமா? அந்தக் கால் தாளத்தோடு ஐரிஷ்காரர்களின் ஆட்டமும், இங்கிலாந்தின் மரச்செருப்பு ஆட்டமும் கலந்து பிறந்ததுதான் 'டாப்'.

அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. ஒலிபெருக்கியில் அலாரம் அடிக்கிறது, கால் பதில் சொல்கிறது. கெட்டில் கூவுகிறது, டெலிபோன், காலிங்பெல்... ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு. வேகம் ஏறுகிறது. அப்புறம் குழந்தை அழும் சத்தம். பக்கத்தில் என் மகள் துடித்துப் போனாள். பால் சுரந்து உடுப்பெல்லாம் நனைந்துவிட்டது. "போலாம்மா" என்று எழுந்தாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

அதே நேரம் மேடையில் கால் தப்பியது. தாளம் அறுந்து அவள் நின்றுவிட்டாள். மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. பிறகு, தப்பிய அதே தட்டை வேண்டுமென்றே இன்னொரு முறை தட்டினாள். மறுபடியும். நாலாவது முறை அதுவே ஒரு தாளமாகிவிட, அலாரமும் கெட்டிலும் அழுகையும் அதற்குள் வந்து உட்கார்ந்தன. என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஏழு வாரத்தில் முதல் சிரிப்பு!

திரும்பும்போது தூறல். கல் பாவிய சந்தில் அவளுடைய பூட்ஸ் என் முன்னால் டக் டக்கென்று போனது. வீட்டு வாசலிலேயே பேத்தியின் அழுகை கேட்டது. அடுப்படியில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தார். இவள் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, மரத்தரையில் குதிகாலால் ரெண்டு தட்டு தட்டினாள்.

திங்கட்கிழமை தானாகவே டாக்டருக்குப் போன் போட்டு நேரம் வாங்கினாள்.